வகுப்பில் ஓயாமல் இடையூறு செய்யும் மாணவன்: காரணத்தை எங்கிருந்து தேடுவது?

கேள்வி – ஆசிரியை, குலசேகரம்

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளியொன்றில் ஏழாம் வகுப்புக்குத் தமிழும் சமூக அறிவியலும் நடத்துகிறேன். மாணவன் ஒருவன் ஜூன் முதலே, பாடம் தொடங்கிய சில நிமிடங்களில் பெஞ்சைத் தட்டுகிறான். பக்கத்திலிருப்பவனின் நோட்டைப் பறிக்கிறான். கண்டித்தால் உரக்கச் சிரித்து வகுப்பையே கலைத்துவிடுகிறான். வெளியே நிற்கச் சொன்னால் மட்டும் மறுபேச்சின்றிப் போய் நிற்கிறான். பெற்றோர் இருவரும் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்கள். விடியும் முன்பே அவர்கள் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவதால், மூன்றாம் வகுப்பில் படிக்கும் தம்பியை எழுப்பிக் குளிப்பாட்டி அழைத்து வருவது இவன் பொறுப்பு. அடங்காத பையன் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளையை அப்படி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வழி சொல்லுங்கள்.

பதில் – சிறப்பாசிரியர், தக்கலை

சகோதரிக்கு வணக்கம். வெளியே அனுப்பினால் மறுபேச்சின்றிப் போகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். நீங்கள் தண்டனையாகக் கருதுவது அவனுக்கு விடுதலையாக இருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு முறை வெளியே அனுப்பும்போதும், பெஞ்சைத் தட்டினால் தப்பிக்கலாம் என்பதையே அவன் கற்றுக்கொள்கிறான். இரண்டு வாரம் ஒரு நோட்டில், இடையூறுக்குச் சற்று முன்பு வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது, அவன் என்ன செய்தான், அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது என்ற மூன்றையும் பாடவேளையோடு குறித்து வாருங்கள். ‘திமிர்’, ‘சேட்டை’ போன்ற சொற்களை அதில் எழுத வேண்டாம். கண்ணால் கண்டது மட்டும் போதும்.

ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமை, மிகையான துறுதுறுப்பு கொண்ட கோளாறு) என்று யாராவது அவசரப்பட்டுச் சொன்னால் ஏற்காதீர்கள். அதன் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, 6 மாதமாவது நீடித்து, பள்ளியில் மட்டுமன்றி வீடு போன்ற வேறொரு சூழலிலும் தென்பட வேண்டும். அதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பதில் – ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், குளச்சல்

அவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேட்டீர்களா? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தம்பிக்குப் பள்ளியில் உணவு கிடைக்கிறது. அவனை அழைத்து வரும் அண்ணன் மதியச் சத்துணவு வரை காத்திருக்க வேண்டும்.

கண்ணையும் காதையும் சோதித்துப் பார்ப்பதும் அவசியம். நோட்டைப் பறிக்கிறான் என்றதும் என் பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். நாள் முழுவதும் கடலில் நீந்துகிற அவனுக்குக் காதில் சீழ் வடிந்து செவித்திறன் குறைந்திருந்தது. நாங்கள் சொல்வது கேட்காததால்தான் அடுத்தவன் நோட்டைப் பிடுங்கினான் என்பது தெரியாமல் ஓராண்டு அவனைக் கண்டித்துக்கொண்டே இருந்தோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். அவர்கள் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். பெற்றோரை வரச் சொன்னால், பால் எடுத்து முடிந்த பிற்பகல் வேளையில் வரச் சொல்லுங்கள். காலையில் வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போய்விடும்.

கேள்வி கேட்டவர் – ஆசிரியை, குலசேகரம்

இருவருக்கும் நன்றி. ஒன்பது நாள் குறித்தேன். வரைபடம் குறிக்கும் வேளைகளில் ஒருமுறைகூட அவன் இடையூறு செய்யவில்லை. தமிழில், வரிசையாக வாய்விட்டு வாசிக்கும்போது, அவன் முறை நெருங்க நெருங்கத்தான் பெஞ்சுச் சத்தம் தொடங்குகிறது. மழையால் பால்வெட்டு நடக்காத இரண்டு நாள்களில் தாய் வீட்டிலிருந்து உணவு கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்நாள்களில் சத்தம் குறைவாக இருந்ததே தவிர, நிற்கவில்லை. ஆகவே பசி மட்டும் காரணமன்று என்று தோன்றுகிறது. நேற்று மாலை அவனைத் தனியே அமர்த்தி ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வரும் ‘கொ’, ‘மொ’ போன்ற எழுத்துகளைக்கூடப் பிரித்தறிய முடியாமல் திணறி, பாதியில் புத்தகத்தை மூடிவிட்டு, “பிள்ளைகள்கிட்டச் சொல்லாதீங்க டீச்சர்” என்றான்.

மருத்துவக் குழு வரும்வரை அவனை வகுப்பில் வாய்விட்டு வாசிக்க அழைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். மாலையில் இருபது நிமிடம் தனியாக, மூன்றாம் வகுப்புப் பாடநூலிலிருந்து தொடங்குகிறோம். தம்பிக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக என்று சொன்னதும் ஒப்புக்கொண்டான்.