நாரி நோவோடு சார்ஜாவில் தம்பி, யாராவது போகிறீர்களா?

உறவுகளே, ஆரையம்பதியிலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு ஆறு வருஷமாக நாரி நோவு, அதுதான் இடுப்பு வலி. மழை இருட்டினாலே குனிய மாட்டான். பாலைவனத்தில் ஏது மழை என்றுதான் சார்ஜாவுக்கு அனுப்பினோம். 2024 ஏப்ரல் 16 அன்று அதே நாட்டில் அல் ஐன் பக்கம் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, சார்ஜாவிலும் வெள்ளம்! மணல் குடித்துவிடும் என்று நினைத்தேன், எங்கே! முழங்கால் தண்ணீரில் வந்து, லிப்ட் வேலை செய்யாமல், தண்ணீர்க் கேனோடு நாலு மாடி ஏறினான். அன்று பிடித்தது இன்னும் விடவில்லை.

இங்கே டொக்டர் எழுதிய குளிசையில் டிரமடோல் என்ற கடுமையான வலி மருந்து இருக்கிறது. முன் அனுமதி இல்லாமல் அங்கே கொண்டுபோனால் சிக்கல், அதனால் யாரிடமும் தரமாட்டேன். நாரிப்பட்டி ஒன்று, தைலப் போத்தல் ஒன்று, அவ்வளவுதான். இந்த மாதம் போகிறவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், அந்த அனுமதியை எடுத்தவர்கள் என்னென்ன கடிதம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.