ஸ்டீல் உறைத் தோட்டா ஏஆர்-15-இல் சிக்குகிறது: குறை தோட்டாவிலா, துப்பாக்கியிலா?

கேள்வி

ஏஆர்-15 வகை ரைஃபிள். 16 அங்குலக் குழல், 5.56 சேம்பர் (தோட்டா அமரும் அறை), கார்பைன் நீள வாயு அமைப்பு, எச்2 பஃபர் (சேம்பரை மூடித் திறக்கும் போல்ட்டுக்குப் பின்னே அசையும் எடைக்கட்டை). பித்தளை உறைத் தோட்டாவில் எந்தத் தொல்லையும் இல்லை. விலை குறைவென்று .223 ஸ்டீல் உறைக்கு மாறினேன் (குண்டின் எடை 55 கிரெய்ன், உறையில் சாம்பல் நிறப் பாலிமர் பூச்சு). மேகசின் தீர்ந்ததும் போல்ட் பின்னால் நிற்பதில்லை. இடையிடையே வெற்று உறை பாதி வெளியே வந்து மாட்டிக்கொள்கிறது. சரி, பித்தளைக்கே திரும்பலாமென்று அதே நாளில் பித்தளைத் தோட்டா போட்டால், அதுவும் சேம்பரில் இறுகி ஒட்டிக்கொண்டது. பூச்சு உருகி சேம்பரில் படிந்துவிட்டதா? இந்த மலிவுத் தோட்டா செமி ஆட்டோ ரைஃபிளுக்கு ஆகாதா?

பதில் 1

ஒரே நோய் போலத் தெரிந்தாலும் இவை இரண்டு. தனித்தனியாகப் பாருங்கள்.

போல்ட் நிற்காததும் உறை பாதியில் மாட்டுவதும், சுட்டதும் போல்ட்டைப் பின்னே தள்ளும் வாயு போதாததன் அடையாளம். மலிவான ஸ்டீல் உறைத் தோட்டாக்களில் பல கொஞ்சம் மென்மையாகவே நிரப்பப்பட்டிருக்கும். எச்2 பஃபர் ஏறத்தாழ 130 கிராம், சாதாரண கார்பைன் பஃபர் 85 கிராம். பித்தளைத் தோட்டாவின் முழு வேகத்துக்கு எச்2 சரியாக இருந்திருக்கும். மென்மையான தோட்டா அந்த எடையை முழுத் தூரம் தள்ள மாட்டாது. போல்ட்டைப் பின்னால் நிறுத்தும் பிடிப்பானைத் தாண்டிப் போகாமலே அது திரும்பிவிடுகிறது.

சோதிக்க எளிய வழி: மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். போல்ட் பின்னால் நிற்கிறதா? வெற்று உறை எந்தப் பக்கம் விழுகிறது? கடிகார முள்ளாக வைத்தால் 3-க்கும் 4.30-க்கும் இடையே விழுவது நல்லது. 5-ஐத் தாண்டிப் பின்னால் சோம்பலாக விழுந்தால் வாயு போதவில்லை. பஃபரைக் குறை சொல்லுமுன் போல்ட்டின் மூன்று வாயு வளையங்களையும் பாருங்கள். போல்ட்டை வெளியே இழுத்துவிட்டு, கேரியரை (போல்ட்டைத் தாங்கி நகர்த்தும் பாகம்) போல்ட் முகத்தின்மேல் தலைகீழாக நிறுத்துங்கள். தன் எடையிலேயே கேரியர் கீழே இறங்கினால் வளையம் தேய்ந்துவிட்டது. கேரியரின் மேலுள்ள வாயுச் சாவியின் திருகுகள் ஆடுகின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பதில் 2

பித்தளை ஒட்டிக்கொண்டதற்கு நான் பதில் சொல்கிறேன். பூச்சு உருகுவதில்லை. அது பழைய அரக்குப் பூச்சு காலத்திலிருந்தே சுற்றிவரும் கதை. உங்களுடையது பாலிமர், அதில் அரக்கே கிடையாது.

நடப்பது இதுதான். சுடும்போது உறை விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்க வேண்டும், அழுத்தம் இறங்கியதும் சுருங்கி விட்டுவிட வேண்டும். பித்தளை இரண்டையும் நன்றாகச் செய்யும். எஃகு அதைவிட விறைப்பு, மீள்தன்மைக் கெழு பித்தளையைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால் கழுத்துப் பகுதி முழுதாக அடைக்காது, மீண்டும் சுருங்குவதும் குறைவு. இடைவெளி வழியே புகை பின்னோக்கி வந்து சேம்பர் சுவரில் கரியாகப் படிகிறது. ஸ்டீல் உறை அந்தக் கரியோடு எப்படியோ ஓடிவிடும். பிறகு பித்தளை போட்டால் அது அந்தக் கரிப் படிவத்தின்மேல் நன்றாக விரிந்து பிடித்துக்கொள்ளும். பழி பித்தளைக்கு, காரணம் கரி.

ஆகவே ஸ்டீலிலிருந்து பித்தளைக்கு மாறுமுன் சேம்பரைச் சுத்தம் செய்யுங்கள். ஏஆர் சேம்பருக்கென்றே இரண்டு விட்டத்தில் தூரிகை உண்டு. கரைப்பான் தடவி 10-15 நிமிடம் ஊறவிட்டு, தூரிகையை உள்ளே தள்ளி வலப்பக்கமாக மட்டும் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் கம்பிகள் மடங்கி, தூரிகை உள்ளேயே மாட்டும். கடைசியில் உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் துளியும் இல்லாமல் விடுங்கள். எண்ணெய் ஈரமுள்ள சேம்பரில் உறை சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, அதன் முழு உந்தலும் போல்ட்டின்மேல் விழும்.

பதில் 3

ஒட்டிய உறையை எடுக்கும் விதத்தையும் எழுதிவிடுவோம், கைவைத்துக் கெடுப்பவர்கள் நிறைய. சுட்ட உறைதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்: மேகசினை எடுத்துவிட்டு, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, நீளம் மாற்றும் ஸ்டாக்கை (தோளில் வைக்கும் பின்பகுதி) முழுதாக உள்ளே தள்ளுங்கள் (வெளியே நீண்டிருந்தால் உடையும்). சார்ஜிங் ஹேண்டிலை (போல்ட்டைக் கையால் இழுக்கும் பிடி) பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி ஸ்டாக்கைக் கெட்டியான தரையில் தட்டுங்கள். போல்ட் திறந்தும் உறை உள்ளேயே இருந்தால், அதாவது எக்ஸ்ட்ராக்டர் (உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கி) விளிம்பிலிருந்து வழுக்கியிருந்தால், குழல் முனை வழியே சுத்தம் செய்யும் கம்பியை விட்டு மெல்லத் தட்டுங்கள். சுடாத தோட்டா என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் கம்பியும் வேண்டாம், தட்டலும் வேண்டாம். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள்.

இன்னொன்று: 'பொத்'தென்ற மெல்லிய சத்தமும் உதைப்பே இல்லாததும் சேர்ந்து வந்தால் உடனே நிறுத்திக் குழலுக்குள் பாருங்கள். குண்டு உள்ளேயே நிற்கலாம்.

பதில் 4

எல்லாரும் உறையைப் பற்றியே பேசுகிறீர்கள். குழலைத் தேய்ப்பது குண்டின் ஜாக்கெட். மலிவுத் தோட்டாவில் பெரும்பாலும் பைமெட்டல் ஜாக்கெட் இருக்கும், மெல்லிய எஃகின்மேல் செம்புப் பூச்சு. காந்தத்தை உறையில் வைக்காமல் குண்டின் நுனியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் எஃகு இருக்கிறது. அது ஜாக்கெட்டிலா உள்கருவிலா என்று காந்தம் பிரித்துச் சொல்லாது. பல உள்ளரங்க ரேஞ்சுகள் இந்தச் சோதனையை வைத்தே மறுப்பதற்குக் காரணம், தீப்பொறியும் பின்சுவர்ச் சேதமும்.

அமெரிக்காவில் லக்கி கன்னர் என்ற தோட்டா விற்பனை நிறுவனம் 2013-இல் வெளியிட்ட சோதனையில் நான்கு ஏஆர்-15-களுக்குத் தலா 10,000 தோட்டா என்று திட்டமிட்டுச் சுட்டார்கள். செம்பு ஜாக்கெட் சுட்ட குழல் இறுதிவரை தாங்கியது. பைமெட்டல் சுட்டவை பாதித் தூரம் தாண்டியதுமே துல்லியம் இழந்தன. ஒரு துப்பாக்கியை இடையிலேயே விலக்க வேண்டியதாயிற்று. சூடேற வேகமாகச் சுட்ட சோதனை என்பதை நினைவில் வையுங்கள், நிதானமாகச் சுடுவோருக்குத் தேய்மானம் மெதுவாகவே வரும்.

காசுக் கணக்கு எளிது. புதுக் குழலின் விலையையும் மாற்றும் கூலியையும் கூட்டி, ஒரு தோட்டாவுக்கு மிச்சமாகும் தொகையால் வகுங்கள். வரும் எண் 5,000-க்குக் கீழே என்றால் குழலே தேய்ந்தாலும் உங்களுக்கு லாபம். மேலே என்றால் மலிவு வெறும் தோற்றம். துல்லியப் போட்டிக்கான விலையுயர்ந்த குழலில் எந்தக் கணக்கிலும் பைமெட்டல் வேண்டாம் என்பது என் தீர்ப்பு.

பதில் 5

ஏகே, எஸ்கேஎஸ் (7.62×39 தோட்டா சுடும் சோவியத் வகை ரைஃபிள்கள்) வைத்திருப்பவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். அவை ஸ்டீல் உறைக்காகவே பிறந்தவை. 7.62×39 உறையின் அடி 11.35 மி.மீ., தோளில் 10.07 மி.மீ. நன்றாகச் சரிவதால் கொஞ்சம் பின்னே நகர்ந்தாலே சுவரை விட்டுவிடும். .223 உறை அடியில் 9.58, தோளில் 9.00, அதுவும் நீளம் அதிகம். அது கிட்டத்தட்ட நேர்க்குழாய், கடைசிவரை உராய்ந்துகொண்டேதான் வரும். ஏகேயின் எக்ஸ்ட்ராக்டரும் பெரிது, வாயுவும் தாராளம்.

பழைய ராணுவக் கையிருப்புத் தோட்டா என்றால் வேறு கதை. அரிக்கும் பிரைமர் (தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டி) விட்டுச்செல்லும் உப்பு ஈரத்தை இழுத்து ஓரிரு நாளில் துரு பிடிக்கவைக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது. முதலில் வெந்நீர், பிறகு உலர்த்தி எண்ணெய்.

கேட்டவர்

நன்றி அண்ணன்மாரே. ஒற்றைத் தோட்டாச் சோதனையில் பித்தளை நின்றது, ஸ்டீல் நிற்கவில்லை. வாயு வளையம், திருகு எல்லாம் சரி. சேம்பர் துணியில் கறுப்பாக வந்தது. பஃபரை 85 கிராமுக்கு மாற்றியதும் ஸ்டீலிலும் போல்ட் நிற்கிறது, உறை 4 மணிப் பக்கம் விழுகிறது. காந்தம் குண்டில் ஒட்டுகிறது. எக்ஸ்ட்ராக்டரையும் மாற்றவா?

பதில் 1

நுனி சிதறாமல் இருந்தால் மாற்ற வேண்டாம், ஸ்பிரிங்கை மட்டும் புதுப்பியுங்கள். ஐந்து சுற்று ஸ்பிரிங்கும் உள்ளே கறுப்பு ரப்பர்க் கட்டையும் போதும். ஸ்டீல் விளிம்பு பித்தளைபோலக் கிழிந்து கொடுக்காது, அதனால் நுனியில் சில்லு பெயர்கிறதா என்று சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். 85 கிராமில் பித்தளை சுடும்போது உறை 2 மணிப் பக்கம் சீறினால், பித்தளைக்கு மட்டும் எச்2-ஐத் திரும்பப் போடுங்கள்.

பதில் 2

ஒரே மேகசினில் இரண்டையும் கலக்காதீர்கள். பெட்டி திறந்தபின் பூச்சு கீறியவற்றைப் பொறுக்கி முதலில் சுட்டுவிடுங்கள், ஈரத்தில் அவைதான் துருப்பிடிக்கும். துரு குழி விழுந்த உறையைச் சேம்பரில் ஏற்றவே வேண்டாம். பெர்டான் பிரைமர் (உறையின் அடியில் இரண்டு சிறு துளை உள்ள வகை) என்றால் மறுநிரப்பலுக்கு உதவாது, எனவே உறைகளைப் பொறுக்கிச் சேர்த்துவைப்பதிலும் பயனில்லை.