சேணம் ஒரு பக்கமாகச் சுழல்கிறது, எங்கே தப்பு?

தண்டையார்பேட்டைக்காரன்: சித்தப்பா கல்யாண ஊர்வலத்துக்கு விடும் குதிரையில் இரண்டு மாதமாகப் பழகுகிறேன். நேற்று திருவொற்றியூர் கடற்கரையில் இடது அங்கவடியில் கால் வைத்து எழும்பினேன், சேணம் சுழன்று நான் மணலில். வயிற்று வாரை இழுத்துத்தான் கட்டினேன்.

காசிமேட்டு அண்ணன்: தம்பி, குதிரை உங்களை ஏமாற்றிவிட்டது. வார் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும், பத்தடி நடந்தால் தளரும். முதலில் லேசாகக் கட்டி, கொஞ்சம் நடத்தி, ஏறுமுன் மறுபடி இறுக்குங்கள். வாருக்குள் இரண்டு விரல் நுழையட்டும். ஏறி ஐந்து நிமிடம் ஆனதும் இன்னொரு தடவை பாருங்கள்.

ராயபுரம்: சேணத்தைச் சற்று முன்னால் வைத்துப் பின்னுக்கு நகர்த்துங்கள், முடி படியும் திசையில். அப்புறம், சேணத்துக்கு அடியில் போடும் துணியை உதறினீர்களா? நம்ம கடற்கரை மணல் ஒரு பிடி போதும், முதுகுத் தோல் உரிந்துவிடும். தரையிலிருந்து தொங்கி ஏறாமல் ஒரு திட்டில் நின்று ஏறினால் சேணமும் இழுபடாது.

தண்டையார்பேட்டைக்காரன்: உதறவே இல்லை. இப்போது போய்ப் பார்த்தேன், முதுகில் ஒரு ரூபாய் அளவுக்கு முடி கொட்டிச் சிவந்திருக்கிறது. நாளை மறுநாள் முகூர்த்தம் வேறு.

காசிமேட்டு அண்ணன்: ஆறும்வரை சேணமே வேண்டாம், கையில் பிடித்து நடத்துங்கள். இன்றைக்கே சித்தப்பாவைக் கூட்டிப் போய்க் காட்டிவிடுங்கள்.