கீறல் விழுந்த காரும் கிரெடிட் கார்டு பாக்கியும்

எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்தில் யாரோ உரசிவிட்டுப் போனதில் காரின் பின்கதவு கீறி நசுங்கியது. பம்பரின் ஓரமும் பெயர்ந்தது. டிங்கரிங், பெயின்டிங் இரண்டுக்கும் சேர்த்து 14,000 ரூபாய் கேட்டார்கள். அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காகத் தேய்த்த கிரெடிட் கார்டில் அப்போது 60,000 ரூபாய் பாக்கி இருந்தது.

அந்தக் கார்டுக்கு மாதம் 3.5 சதவீத வட்டி, வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அதாவது, அசலில் ஒரு ரூபாயும் குறையாமல் மாதம் 2,478 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. பாக்கியை முழுதாக அடைக்கும்வரை, அதே கார்டில் புதிதாக வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த 14,000 ரூபாயைக் கார்டுக்குக் கட்டினால் மாதம் 578 ரூபாய் வட்டி மிச்சமாகும். ஓராண்டில் அது பழுதுச் செலவில் ஏறக்குறைய பாதி.

காப்பீட்டில் கேட்கலாமே என்று நண்பர் சொன்னார். மூன்று ஆண்டுகளாகக் கிளெய்ம் எதுவும் இல்லாததால் சொந்தச் சேதப் பிரீமியத்தில், அதாவது நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்காகக் கட்டும் பகுதியில், எனக்கு 35 சதவீதத் தள்ளுபடி கிடைத்து வந்தது. அடுத்த புதுப்பித்தலில் அது 45 ஆகும். ஒரு கிளெய்ம் போட்டால் அது பூஜ்ஜியத்துக்கு இறங்கி, மறுபடி 20 சதவீதத்திலிருந்து ஏற வேண்டும். கிளெய்மில் நாம் ஏற்க வேண்டிய 1,000 ரூபாயையும், பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் தேய்மானம் என்று பிடிக்கும் பாதியையும் கழித்துப் பார்த்தபோது, இந்தக் கீறலுக்காக அந்தத் தள்ளுபடியை இழக்க மனம் வரவில்லை.

புதுப்பேட்டையில் ஒரு டிங்கரிங் மேஸ்திரியிடம் வண்டியைக் காட்டினேன். அவர் பம்பரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது என்றார். கதவில் பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்த இடத்தில் மட்டும் விரலை வைத்து, “சார், கடல் காத்துக்கு இது மழைக்காலம் தாங்காது, இதை மட்டும் மூடிடுங்க” என்றார். தேய்த்துப் பிரைமர் அடித்து டச்சப் செய்ய 600 ரூபாய்தான் ஆனது. வேலையை இழக்கும் யோசனையைத் தானே சொன்ன அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

மைத்துனரின் திருமணம்தான் உண்மையான சோதனை. “இந்த வண்டியிலயா மாப்பிள்ளை அழைப்பு?” என்று மாமியார் கேட்டபோது, கூடியிருந்தவர்கள் முன்னால் வட்டிக் கணக்கை விளக்க முடியவில்லை. அழைப்புக்கு வாடகைக் கார் வந்தது. எங்கள் வண்டி ரயில் நிலையத்திலிருந்து விருந்தினர்களை ஏற்றி வந்தது.

கார்டு பாக்கி தீர்ந்த பிறகு மிஞ்சியிருப்பது கார்க் கடன் மட்டுமே. அதன் வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம். முன்கூட்டி அடைத்தால் தனிக் கட்டணமும் உண்டு. ஆகவே அதை அதன் தவணையிலேயே ஓடவிட்டு, வரும் தை மாதம் கதவுக்கும் பம்பருக்கும் பெயின்ட் அடிக்க அதே மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.