மறு: கணிப்பானின் ° ′ ″ விசைக்குத் தமிழில் என்ன பெயர்?

> டிகிரி, நிமிடம், வினாடி என்றே இருக்கட்டுமே. பிள்ளைகளுக்குப் பழகிய சொற்கள். விசையையும் "நிமிட விசை" என்றுவிடலாம்.

ஐயா, வணக்கம்.

நில அளவைப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் தடுமாறும் இடமே இதுதான். பலகையில் 20° 30′ என்று எழுதினால், பலர் கணிப்பானில் 20.30 என்று தட்டுகிறார்கள். தட்ட வேண்டியது 20.5. கோணத்தில் ஒரு பாகையின் (டிகிரியின்) அறுபதில் பன்னிரண்டு பங்கு பிசகிவிடுகிறது. 100 மீட்டர் தள்ளி நட்ட கம்பு ஏறக்குறைய 35 செ.மீ. விலகி நிற்கும்.

20, விசை, 30, விசை என்று தட்டினால் இந்தப் பிழை வராது. 45″ மட்டும் வேண்டுமென்றால் 0, விசை, 0, விசை, 45, விசை. முன்னால் வரும் சுழியங்களை விட்டுவிட்டால் அது 45 பாகையாகிவிடும். விசை ஒன்றுதான், எத்தனையாவது முறை அழுத்துகிறோம் என்பதை வைத்தே அது அலகைத் தீர்மானிக்கிறது. ஆகவே, நடு அலகின் பெயரை மட்டும் அதற்குச் சூட்டுவது பொருந்தாது.

அலகுகளுக்கு வருகிறேன். டிகிரி, நிமிடம், வினாடி என்பவற்றுக்குப் பாகை, கலை, விகலை என்பதே என் விருப்பம். பூமி 4 நிமிடத்தில் 1 பாகை சுழல்கிறது. அப்படியானால் 1 நிமிடத்தில்? உங்கள் சொல்லை வைத்தால் "1 நிமிடத்தில் 15 நிமிடம் சுழல்கிறது" என்று எழுத வேண்டும். வகுப்பில் இதை எப்படிச் சொல்வது? "1 நிமிடத்தில் 15 கலை" என்றால் அங்கேயே விளங்கிவிடும். வினாடியின் பாடு இன்னும் மோசம். 24 நிமிட நாழிகையை அறுபதாக வகுத்தால் வருவதும் வினாடிதான். அது இன்றைய 24 நொடி. ஏற்கெனவே இரண்டு அளவுகளைச் சுமக்கும் சொல்லின் தலையில் கோணத்தையும் ஏற்ற வேண்டாமே.

சொல்லைப் புதிதாக ஆக்கவும் வேண்டியதில்லை. ராசிக்கு 30 பாகை, பாகைக்கு 60 கலை, கலைக்கு 60 விகலை என்று பஞ்சாங்கம் கணிப்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். கலை என்றால் நாட்டியமும் ஓவியமும்தான் நினைவுக்கு வரும் என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். நிலவின் பதினாறு கலைகளையும் நாம் சொல்கிறோமே! அங்கும் கலை என்றால் கூறுதான்.

விசைக்கு நான் முன்வைப்பது "அறுபதின்ம விசை". "பாகை விசை" என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அதே விசையில்தான் நேரத்தையும் கணக்கிடுகிறோம். இந்திய நேரத்துக்கான தீர்க்கரேகை 82° 30′. அதைத் தட்டி, பூமி ஒரு மணியில் சுழலும் 15 பாகையால் வகுத்தால் 5, 30, 0 என்று திரையில் வரும். அது கோணமல்ல, 5 மணி 30 நிமிடம். கோணத்துக்கும் நேரத்துக்கும் பொதுவானது அறுபது அறுபதாக வகுக்கும் முறைதான்.

ஒரு தயக்கம் உண்டு. கணினிக்காரர்கள் பதினாறை அடியாகக் கொண்ட எண்ணைப் "பதினறும எண்" என்கிறார்கள். அறுபதின்மம், பதினறுமம் இரண்டையும் வேகமாகச் சொன்னால் காதில் குழம்பும். இரண்டும் ஒரே பாடத்தில் அருகருகே வருவது அரிது என்பதால் ஏற்கலாம் என்று நினைக்கிறேன்.

விடை வந்தபின் அதே விசையை அழுத்தினால் 20.5 என்பது 20° 30′ 0″ ஆகும், மறுபடி அழுத்தினால் 20.5 ஆகும். இந்தச் செயலுக்கு "மாற்று" என்பது மிகப் பொதுவாக இருக்கிறது. "வடிவமாற்று" என்று குறித்துவைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்