புதுப்பிப்பு: ஜெபல் ஷம்ஸ் பால்கனி நடை, அண்ணியோடு போய் வந்தோம்

ஓமானின் ஜெபல் ஷம்ஸ் மலையில், பால்கனி நடை என்று சொல்லப்படும் டபிள்யூ 6 என்ற நடைபாதைக்கு உயரம் என்றாலே பயப்படும் அண்ணியைக் கூட்டிப்போகலாமா, வழியில் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை போய் வந்தாயிற்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அல் கிதைம் ஊரில் பாதை தொடங்குகிறது. பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பட்டை அடித்திருப்பதால் வழி குழப்பவில்லை. பாதை நான் பயந்ததைவிட அகலம். ஆனால் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் அதலபாதாளம், தடுப்புக் கம்பி கிடையாது. அண்ணி பாறையை ஒட்டியே நடந்தார். எதிரே ஆடுகள் வந்தபோது மட்டும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பாதை முடிவதோ அஸ் ஸாப் என்ற ஆளில்லா ஊரில். முன்னால் துருத்தி நிற்கும் பாறைக்கு அடியில் கல்வீடுகள், கீழே படிப்படியாகப் பழைய வயல்கள். ஒரு வீட்டுக்குள் குனிந்து போனேன். கூரையே மலைதான்! அப்பேர்ப்பட்ட விளிம்பில் மண் சேர்த்து விவசாயம் செய்திருக்கிறார்கள். எனக்கு அங்கிருந்து கிளம்பவே மனமில்லை.

தண்ணீர் விஷயம்: வழியில் கடையோ குழாயோ இல்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் சுமந்தது சரியாக இருந்தது. திரும்பும்போதுதான் ஏற்றம், அதற்கும் சேர்த்து மிச்சம் வையுங்கள். அப்புறம், ஓடியாடும் சிறு பிள்ளைகளை மட்டும் தயவுசெய்து கூட்டிப்போக வேண்டாம்.