பறக்கும் ஊசல் கடிகாரத்தில் நூல் சிக்குகிறது

கேள்வி: பழைய விசித்திர அலமாரிக் கடிகாரங்களைச் சேர்க்கிறேன். புதிதாக வந்தது 'இக்னாட்ஸ்' பறக்கும் ஊசல். நூலில் தொங்கும் சின்னக் குண்டு ஒரு கம்பத்தைச் சுற்றி, பிரிந்து, அடுத்த கம்பத்துக்குத் தாவுவதை ஒரு மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்தேன். அவ்வளவு அழகு! ஆனால் நூல் பாதியில் சிக்கி நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மெல்லிய பட்டு நூல் போடுங்கள். தடித்த நூல் சரியாகப் பிரியாது. அப்புறம் கடிகாரம் சாயாமல் நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

பதில்: 1883இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பின்னாளில் இதே மாதிரி புதிதாகவும் தயாரித்தார்கள். உங்களுடையது எதுவானாலும் பித்தளையைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். நேரம் முன்பின் ஆகும், இதன் இயல்பே அதுதான்.

கேட்டவர்: இடப்பக்கம் சாய்ந்திருந்தது! அடியில் அட்டைத் துண்டு வைத்தேன். காலையிலிருந்து நிற்காமல் ஓடுகிறது. நன்றி.